கை மாறிய தேநீர்

என் மகள் என்னிடம் நேராகப் பேசாமல் இருந்த அந்தச் சில மாதங்களில், வீட்டில் எல்லாப் பேச்சும் என் மனைவி வழியாகத்தான் நடந்தது. "அம்மா, அப்பாவ சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள். நான் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

காரணம் சிங்கப்பூர். ஜோகூர் பாருவில் ஒரு கல்லூரியில் பாலர் கல்வி படித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் எங்கள் ஊர் மாசாயிலேயே ஒரு பாலர் பள்ளியில் சேர்ந்துவிடுவாள், நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்திருந்தேன். அவளோ எல்லை தாண்டி வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சரியாகச் சொல்லத் தெரியாமல், "அங்கெல்லாம் நமக்கு எதுக்கும்மா" என்றேன்.

"நீங்க வாழ்க்க பூரா பயந்துகிட்டே இருந்துட்டீங்க. நானும் அப்படியே இருக்கணுமா?"

அவள் சொன்னது பொய்யில்லை. மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றுபோனது. பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டபோது, கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருக்கும் என்பதற்காகவே மறுத்தவன். ஆனாலும் பெற்ற பிள்ளை வாயால் அதைக் கேட்டபோது தாங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை.

அந்தத் தவணையில் அவள் சீனப் பண்பாட்டு வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். புத்தகத்தைப் படித்து எழுதுவதில்லை, எல்லாவற்றையும் கையால் செய்து பழக வேண்டும். கூடத்தில் பழைய நாளிதழ்களை விரித்துத் தூரிகையால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவாள். விரலெல்லாம் மை, சில நாள் மூக்கிலும் மை. சிவப்புக் காகிதத்தை மடித்து மீன் வெட்டுவாள். வெட்டிய துணுக்குகள் விசிறிக் காற்றில் வீடு முழுக்கப் பறக்கும். கடைசியாகத் தேநீர். சின்னக் கிண்ணங்களில் கொதிநீரை ஊற்றுவாள், கொட்டுவாள், மறுபடி ஊற்றுவாள்.

"குடிக்கறது ஒரு மொடக்கு. அதுக்கு ஒரு கேத்தல் தண்ணியா? கேஸ் என்ன சும்மாவா வருது?" என்று மனைவி கத்துவாள்.

"கிண்ணம் சூடா இருக்கணும்மா. லெக்சரர் சொன்னாங்க."

"அப்ப ஒங்க லெக்சரரையே கேஸ் வாங்கித் தரச் சொல்லு."

இருவரும் சிரிப்பார்கள். பிறகு குரல் தாழும். மகள் எதையோ மெல்லச் சொல்ல, மனைவி அதைத் திருத்துவதுபோல் கேட்கும். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் வழக்கம்போல் தன் அம்மாவிடம் சொன்னாள். "சனிக்கிழம காலேஜ்ல நிகழ்ச்சி. அப்பாவ வரச் சொல்லுங்க." மனைவி தனக்கு முட்டி வலி, வர முடியாது என்றாள். அன்று காலையில்தான் சந்தைக்கு நடந்து போய்வந்திருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். மகள் கூப்பிட்டுவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சீனப் பெருநாள் நெருங்கிய நேரம். மண்டபமெல்லாம் சிவப்பு விளக்குகள். மாணவர்கள் எழுதிய எழுத்துகளைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அவள் எழுதியது எது என்று பார்த்ததும் தெரிந்தது. எத்தனை நாளிதழில் பார்த்திருக்கிறேன்! பெற்றோருக்கு ஒரே வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று, பக்கவாட்டுக் கதவோரம் இருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வயதான சீனர் ஒருவர். பேத்தி இங்கே படிப்பதாக மலாயில் சொன்னார். விரிவுரையாளர் முதலில் சீன மொழியிலும் பிறகு வேகமான ஆங்கிலத்திலும் பேசினார். தேநீர், பெற்றோர் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மாணவர்கள் தட்டேந்தி வந்தது அந்தப் பக்கவாட்டுக் கதவு வழியாக. முதலில் வந்தவள் என் மகள். நேராக என் முன்னால் வந்து, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மண்டியிட்டாள். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"அப்பா, நான்..."

மண்டபமே எங்களைப் பார்த்தது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. என் பிள்ளை தரையில் முட்டி போட்டிருக்கிறாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "எழுந்திரும்மா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க" என்று கிண்ணத்தைச் சட்டென்று வாங்கிக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் வீடுகளில் தட்டில் பானம் வந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவருக்குத்தானே முதலில் கொடுப்போம். என் கை தானாகத் திரும்பியது. "மினும், அங்கிள், மினும்" என்று மலாயில் குடிக்கச் சொல்லி, கிண்ணத்தை அந்தச் சீனரிடம் நீட்டினேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் மறுத்தால் எனக்கு அவமானம் என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிக் குடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஓர் அங்பாவ், பெருநாளுக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை, எடுத்து அவள் தட்டில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் அவருடைய பேத்தியும் தட்டோடு வந்து நின்றாள்.

"அலமாக், அங்கிளுக்கு ரெண்டு பேத்தி லா!" என்று பின்னாலிருந்து ஒரு மாணவன் மலாயில் கத்தினான். மண்டபம் சிரித்தது. என் மகளும் சிரித்தாள். வெளியாட்களிடம் சிரிக்கும் சிரிப்பு அது. தட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

எனக்கு இன்னொரு கிண்ணம் கொண்டுவருவாள் என்று காத்திருந்தேன். வரிசையில் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள், மெல்ல எதையோ சொன்னார்கள், பெற்றவர்கள் குடித்தார்கள். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த ஒருவர் குடித்து முடித்துச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். இது என்ன என்று பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரிடம் கேட்டேன். நன்றியோ மன்னிப்போ, பிள்ளைகள் மனத்தில் இருப்பதைச் சொல்லித் தேநீர் கொடுப்பது. பெற்றவர்கள் குடித்தால் அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றார். பிறகு, "நான் குடித்திருக்கக் கூடாது" என்றார்.

திரும்பி வரும்போது சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழ, மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். "எனக்குத் தெரியாதும்மா. பெரியவரு பக்கத்துல இருந்தாரு, அதான்..." என்றேன்.

"பரவால்லப்பா."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடமே சொல்லி முடித்த முதல் வார்த்தை அது. மறுநாளிலிருந்து சாப்பிட அவளே கூப்பிட்டாள். சண்டை தீர்ந்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அவள் சொல்ல வந்தது 'பரவாயில்லை' அல்லவே.

மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "அவ வாயால வரவேண்டியத நான் சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்களே கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அவள் சொன்னது உண்மைதான். அன்று அந்தத் தேநீரைக் குடித்திருந்தால், அடுத்துப் பேச வேண்டியவன் நான். "போய்ட்டு வாம்மா" என்று சொல்லியிருப்பேன். மனத்துக்குள் எப்போதோ சம்மதித்துவிட்டேன். அது தெரியாமலேயே அவள் சிங்கப்பூருக்குப் போனாள். நான் தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை.

இப்போது அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சனிக்கிழமை வருவாள். ஞாயிறு மாலை நான்தான் பேருந்து நிறுத்தத்தில் விடுவேன். போன வாரமும் விட்டேன். பேருந்து தூரத்தில் வருவது தெரிந்தது.

"அன்னிக்கு அந்த மண்டபத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"என்னப்பா?"

பேருந்து வந்து நின்றது. பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள்.

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துட்டேன்பா" என்று ஏறிப் போனாள்.