வலைச்சாக்கு

வெள்ளவத்தைச் சந்தையில் அழுகிய வெங்காயக் குவியலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்தினேன். இந்த நாற்றம் வந்தாலே அப்பாவின் முகம் வருகிறது.

அப்பாவுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தக் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து சரக்கு அனுப்பும் தோட்டக்காரருக்கு வெறுஞ்சாக்குகளை அவர்தான் திருப்பிக் கொடுப்பார். வலைச்சாக்குப் போனால் அடுத்த போகமும் வெங்காயம். சணல்சாக்குப் போனால் பயறு. வேறு சாக்கில் வந்த சரக்கை அவர் இறக்கவே விடமாட்டார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் கடையில் இருந்தபோது, தோட்டக்காரர் கந்தையா அண்ணை நேரில் வந்தார்.

"முதலாளி, மூண்டு போகமா வெங்காயம்தான். இப்ப மண்ணுக்கையே அழுகுது. ஒருக்காப் பயறு போட்டாத்தான் நிலம் தேறும். சணல்சாக்குத் தாங்கோ."

"பயறை ஆர் கேக்கினம்? வெங்காயமே போடுங்கோ."

அப்பா வலைச்சாக்குக் கட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

அடுத்த அறுவடை லொறியில் வந்தபோது சாக்குகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. "தோட்டம் செய்யத் தெரியாத சனம்" என்று துப்பிவிட்டு, அப்பா எல்லாவற்றையும் சாக்கடைக் கானுக்குள் கொட்டச் சொன்னார்.

அதே லொறியில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு சின்னப் பை பயறும் வந்திருந்தது. கந்தையா அண்ணை வேலியோரத்தில் தன் வீட்டுத் தேவைக்குப் போட்டது. அம்மா அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தந்தா. அப்பா மறுபடியும் கோப்பையை நீட்டினார்.

"சோக்கான பயறு. கடைவழிய இப்பிடிக் கிடைக்காது."

நானும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன். சந்தையைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகும் நாக்கில் நிற்கிறது அந்தப் பயற்றின் ருசி, அழுகிய வெங்காய நாற்றத்தோடு.