டீச்சருக்கு இப்பப் பரவாயில்லை

வாத்தியார் வேலையில் ஒரு பெரிய வசதி, நமக்குத் தெரியாததை எல்லாம் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம். இந்தத் தொழிலில் கிடந்து தொண்டை கட்டிப்போன சக துன்பிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். அங்கே கடைசி மாதம் எங்களிடம் 'என் கற்பித்தல் கொள்கை' என்று இரண்டு பக்கம் எழுதி வாங்கினார்கள். 'குழந்தை ஒரு வெள்ளைத் தாள். ஆசிரியர் அதில் எழுதும் பேனா' என்று ஆரம்பித்திருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அந்தப் பெருமை தணிவதற்குள் வேலை உத்தரவு வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பரமக்குடியில் பிறந்து வளர்ந்து கடலையே பார்த்திராத நான், அக்காள்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினேன். ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார், ஒரு மணி.

வெள்ளைத் தாள்

முதல் நாள் இரண்டாம் வகுப்பு. பாடம், மீன். கரும்பலகை முழுக்க ஒரு மீனை வரைந்து, கண்ணும் வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. சரி, வெள்ளைத் தாள்தானே, எழுதிவிடுவோம் என்று "இது மீன்" என்றேன்.

செலின் என்று ஒரு குட்டிப் பெண், முன்வரிசை. எழுந்து, "என்ன மீனு டீச்சர்?" என்றாள். "மீன்தான்" என்றேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வாலைப் பார்த்தால் ஊழி என்றது ஒரு கட்சி. தலையைப் பார்த்தால் விளை மீன் என்றது மறு கட்சி. வயிற்றைப் பார்த்தால் எந்தக் கடலிலும் இல்லாதது என்று பின்வரிசை தீர்ப்புச் சொன்னது. எனக்கு வேர்த்துவிட்டது. செலின்தான் இரக்கப்பட்டு சண்டையை நிறுத்தினாள். பின்வரிசையைப் பார்த்து அவள் சொன்னது:

"விடுங்கல. பாவம், டீச்சரு கொழம்புல கெடக்குற துண்டு மீனு மட்டுந்தேன் பாத்திருப்பாக."

அடி விழாத பிள்ளை

என் கொள்கையின் இரண்டாம் பக்கம் முழுக்க அன்பு. பிரம்பைத் தொடமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் மரியதாஸ் சார் முதல் நாளே ஒரு பிரம்பைக் கொடுத்தார். நான் அதை ஓலைக் கூரைக்குள் செருகிவிட்டு, நான்கு மாதம் அன்பாகவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், மூன்றாம் வகுப்பு அருளப்பனின் அம்மா வந்து நின்றாள். மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. யாரோ அவள் பிள்ளையை அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பயந்து, "நான் அவனைத் தொடவே இல்லையம்மா" என்று முந்திக்கொண்டேன். "அதைத்தான் கேக்க வந்தேன்" என்றாள். எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் மரியதாஸ் சாரிடம் வாரத்துக்கு இரண்டு தடவை அடி வாங்கி, இப்போது பைபிளைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறானாம். அன்பினால் என்ன சாதிக்கலாம் என்று நான் சொல்லிய எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"நாலு மாசமாச்சு, எம்மவன் மேல ஒரு அடி விழல. அவன் ஒங்களுக்கு அப்படி என்ன டீச்சர் துரோகம் பண்ணிட்டான்?"

மணியின் தத்துவம்

மனம் நொந்துபோய் மரியதாஸ் சாரிடமே கேட்டேன். முப்பது வருஷ அனுபவம். அவருக்கு ஒரு கொள்கை இல்லாமலா இருக்கும்? அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் நோட்டைப் பிரித்துப் பென்சிலோடு காத்திருந்தேன்.

"மணி அடிக்கிற கட்டை எங் கையில இருக்கும்மா. பிள்ளைக கொட்டாவி விட்டா ஒரு பாடம் முன்னால அடிச்சிருவேன். நான் கொட்டாவி விட்டா ரெண்டு பாடம் முன்னால."

கரையேறிய பள்ளிக்கூடம்

வேலை நிரந்தரமாகாத முதல் வருஷம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவரெல்லாம் படம் ஒட்டி, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, 'வணக்கம் ஐயா'வை ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தோம். அவர் வரவிருந்த அன்று காலை ஒன்பதரை மணிக்குச் சாளை மீன் கூட்டம் கரையை ஒட்டி வந்துவிட்டது. கரைவலை போட்டுவிட்டார்கள். வலைக் கயிற்றை இழுக்க ஊரே ஓடியது. ஊரோடு என் பள்ளிக்கூடமும் ஓடியது. இன்ஸ்பெக்டர் கோட்டும் குடையுமாக வந்து நின்றபோது, வகுப்பில் கால் சுளுக்கிய ஒரு பையனும் ஒட்டிய படங்களும்தான் இருந்தன.

"பள்ளிக்கூடம் எங்கே அம்மா?" என்றார். மரியதாஸ் சார் 'சேசுவே' என்று வாய்க்குள் முனகினார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். போகிற வேலை நன்றாகவே போகட்டும் என்று ஒரு துணிச்சல் வந்தது. "கரையில் நடக்கிறது சார், வாருங்கள்" என்று வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மணலில் நின்று பெயர் கூப்பிட்டேன். கயிற்றை விடாமலே "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொருத்தராகக் கத்தினார்கள். சுளுக்குக் காலோடு வகுப்பில் இருந்தவனையும் சேர்த்தால், பெயர் கூப்பிடும்போது அத்தனை பேரும் இருந்த நாள் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். "ஒரு இழுப்புக்கு ரெண்டு முழம், முப்பது இழுப்புக்கு எத்தனை?" என்று கேட்டேன். "அறுவது!" என்று கயிறே பதில் சொன்னது. யாரோ ஒரு கிழவர், "ஏய்யா, கோட்டு போட்டவரே, சும்மா நிக்காம ஒரு கை பிடிங்க" என்றார். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

வலை கரையேறியதும் மூச்சு வாங்க, பக்கத்தில் நின்ற செலினிடம், "உங்க டீச்சர் எப்படிம்மா?" என்று கேட்டார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இப்பப் பரவால்ல சார். வந்தப்ப ஒண்ணுமே தெரியாது."

உள்ளதை எழுது

வேலை நிரந்தரமாயிற்று. துணிச்சலும் கூடிப்போயிற்று. ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் வந்தபோது, புத்தகத்தில் இருந்த 'நலம், நலமறிய ஆவல்' எல்லாவற்றையும் கோடு போட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, "பேசுவது மாதிரி எழுதுங்கள். உள்ளதை எழுதுங்கள்" என்றேன். சபியா என்று ஒரு பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. உம்மா மரியம் பீவிக்கு எழுதத் தெரியாது. கடைத்தெருவில் ஒரு பெரியவர்தான் மாதாமாதம் எழுதிக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று: 'இங்கு யாவரும் சுகம். ஆடும் சுகம்.' அந்த மாதம் பெரியவருக்குக் காய்ச்சல். சபியா எழுதினாள்.

எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தாள். 'உம்மா தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வாசல் கதவைத் திறந்து வைக்கிறது. ஏன் என்றால் காற்றுக்கு என்கிறது. காற்று இல்லாத நாளிலும் திறக்கிறது. நீங்கள் கப்பலேறிய பிறகு பிறந்த தம்பிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வாப்பா எங்கே என்றால் சோப்புப் பெட்டியில் உள்ள மீசைக்காரனைக் காட்டுகிறான். மழைக்கு அடுப்படி ஒழுகுகிறது. சுகம் என்று எழுதச் சொன்னார்கள். அது சுகம் இல்லை.' நான் மூன்று ளகரத்தை ழகரமாகத் திருத்தினேன். வேறெதையும் தொட மனம் வரவில்லை. அன்றே தபாலில் போடச் சொன்னேன்.

வழக்கமாக இரண்டு வாரத்தில் பதில் வரும். மூன்று வாரம் ஆயிற்று, ஐந்து வாரம் ஆயிற்று, வரவில்லை. சபியா பள்ளிக்கூடத்துக்கு வருவதும் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனேன். கடிதத்தில் என்ன எழுதினாள் என்று அதற்குள் உம்மாவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மரியம் பீவி திரைக்குப் பின்னால் நின்று, சத்தம் கூட்டாமல் பேசினார். "அவுக மனசு விட்டுப்போயி இனிமே காயிதமே போடலைன்னா, நீங்க வந்து போடுவீகளா டீச்சர்? பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னுதானே அனுப்புனேன். எங்க வீட்டுக்குள்ள இருக்கறத எடுத்து வெளிய போடச் சொல்லியா அனுப்புனேன்?" மறுநாளே, அடித்துப் போட்ட 'நலம், நலமறிய ஆவல்' வரியை ஐந்தாம் வகுப்பில் மறுபடி எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். அதைவிட வெட்கமான பாடத்தை நான் நடத்தியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, கறுப்புச் செருப்பும் சந்தன நிறச் சட்டையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு சபியா. கக்கத்தில் சிலேட்டு. மரியதாஸ் சார் ஆளைப் பார்த்ததும் மணியை அடித்துவிட்டுத் தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். வந்தவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்துப் பார்த்து நாலு துண்டாகப் போயிருந்தது. "இத எழுதுனது எம்மவதானா?" என்றார். ஆமாம் என்றேன். தவறு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். கொழும்பிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறும் வரை இதைப் படித்துக்கொண்டே வந்தாராம். ஓட்டை அடைக்க முதல் வேலையாக நேற்றே கூரையில் ஏறினாராம். தம்பி இன்னும் அவரிடம் வரவில்லையாம், மீசை அந்த மாதிரி இல்லையாம். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவதென்று மரியம் பீவி கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். எல்லாம் சொல்லி முடித்து, சபியாவை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஒரே ஒரு வேண்டுகோள் டீச்சர். உள்ளத எழுத இவளுக்கு வந்திருச்சு. கொழும்புக் கடைய நான் இன்னுங் கொஞ்ச நாள் நடத்தணும். இனிமே லேசா பொய் எழுதவுஞ் சொல்லிக் குடுங்க."

ஆகவே சக துன்பிகளே, வாத்தியாருக்குக் கொள்கை என்று ஒன்று கட்டாயம் வேண்டும். அதுவும் இல்லையென்றால், பிள்ளைகள் போட்டு உடைக்க வகுப்பில் வேறு என்னதான் இருக்கிறது?