பாதி ஆயுளில் பிரித்துப் போட்ட விமானம்

விமானத்துக்கும் நடுவயது உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அந்த வேலைப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆயுளில் பாதியைப் பறந்து முடித்த பயிற்சி விமானங்களை, பெங்களூரில் நான் வேலை பார்த்த கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன ஜெட். அதன் பழைய வயரையெல்லாம் உருவிப் போட்டு, புது ரேடியோ வைத்து, இறக்கைக்கு அடியில் ராக்கெட் மாட்டக் கொக்கிகளும் வைத்துத் தர வேண்டும். அதுவரை பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த விமானம், இனி அவசரம் வந்தால் சின்னச் சண்டைக்கும் போகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் எலக்ட்ரீஷியன், தற்காலிக ஆள். முதல் விமானத்தை முடித்து, விமானப்படை அதை ஒப்புக்கொண்டு எடுத்துப்போனால் எங்களை நிரந்தரமாக்கி குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குவார்ட்டர்ஸை நம்பித்தான் என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

நாங்கள் குடியிருந்தது தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். மேலே எங்கள் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் கலகலவென்று ஆடும். உடனே லைன் முழுக்கப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, "எந்த ஷாப்ட்டு? எந்த ஷாப்ட்டு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள். ஷாப்ட் என்னும் அந்தச் சுரங்க வாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களின் பக்கமே எல்லோர் கண்ணும் போகும். அப்படிக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் என் மனைவி தன் அப்பாவை இழந்தாள். அவளுடைய தம்பியும் அதே ஷாப்டில்தான் இறங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்திரம் ஆடாத ஊருக்கு என்னெ கூட்டிகினு போங்க. வேற ஒண்ணும் வாணாம்" என்பாள். புடவை கேட்டாள், நகை கேட்டாள் என்று மற்றவர்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

விடியுமுன்னே ரயில் ஏறி, பங்காரப்பேட்டையில் மாறி, பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை விமானம் வாங்கியது. வரைபடத்தில் எல்லா விமானமும் ஒன்றுதான். தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றில் ஓட்டை இருக்கும் இடத்தில் இன்னொன்றில் இருக்காது. எந்தக் காலத்திலோ எவரோ கையால் அராவிப் பொருத்தியது. புது ரேடியோவின் பெட்டியைப் பின்னால் வைத்தோம், வால் கனத்துவிட்டது என்றார்கள். மூக்கில் ஈயம் வைத்தோம், மொத்தமும் கனத்துவிட்டது என்றார்கள். புது வயரை இழுத்து முடித்த இடத்தில், கொக்கி வேலைக்காரர்கள் வந்து துளை போடவேண்டும் என்று நின்றார்கள். இழுத்ததை உருவினேன். பிறகு மறுபடி இழுத்தேன். புதிதாக ஒரு விமானத்தையே கட்டிவிடலாம், வயதானதைத் திருத்துவது ஆகிற காரியமில்லை என்று ரயிலில் தினமும் கத்துவேன். ரயிலில் யார் நம்மை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள்?

கொட்டகையில் எங்கள் ஊர் ஆட்கள் பலர் இருந்தோம். சுரங்கத்திலிருந்து ஒரு வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தோம். அங்கே எலக்ட்ரீஷியன் ஒருவன் கரண்டை நிறுத்திவிட்டு வேலை செய்தால், சுவிட்சில் தன் பித்தளை டோக்கனைத் தொங்கவிடுவான். மாட்டினவன்தான் அதை எடுக்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது, ஏனென்றால் அந்த வயரின் மறுமுனையில் ஒரு மனுஷன் கை இருக்கும். விமானத்திலும் நாங்கள் அதையே செய்தோம். பெங்களூர்க்காரரான எங்கள் மேற்பார்வையாளர், "இன்னாய்யா, கோயில் மணியா கட்டறீங்க?" என்று எங்கள் பேச்சிலேயே கிண்டல் செய்வார்.

ஒருவழியாக முதல் விமானம் முடியும் நிலைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை, பின் சீட்டுக்கு அடியில் ஒரு வயர்க்கட்டு மட்டும் கிளிப் போடாமல் கிடந்தது. கிளிப் ஸ்டோரில் இல்லை. கரண்ட் கொடுத்தால் தகட்டில் உரசிப் புகைந்துவிடும் என்று சுவிட்சில் என் டோக்கனை மாட்டிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

மறுநாள் மதியம் வீட்டில் கறிக்குழம்பு. மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பி அன்றைக்கு ஷிப்டில் கீழே இருந்தான். வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது.

எங்கள் லைனுக்குள் ஜீப் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டிரைவர் இறங்கி வீட்டைத் தேடுவதற்குள் எதிர்வீட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "தம்பி போய்ட்டான், தம்பி போய்ட்டான்" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. லைனே எங்கள் வாசலில் கூடிவிட்டது. டிரைவர் மிரண்டுபோய், "எலக்ட்ரீஷியன் இருக்காரா? டோக்கன் எடுக்கணுமாம்" என்றான்.

அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மனைவி மட்டும் நம்பவில்லை. சுரங்க வாசலுக்கு ஆள் அனுப்பி, தம்பி நல்லபடியாக இருக்கிறான் என்று கேட்டுவந்த பிறகுதான் எழுந்தாள்.

ஜீப்பில் போகும் வழியில் டிரைவர் கதையைச் சொன்னான். விமானப்படை அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்களாம். கரண்ட் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். அன்றைக்கு வேலையில் இருந்த, எங்கள் பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் ஆள், "மாட்டினவன் வந்துதான் சார் எடுக்கணும்" என்று சுவிட்சை மறித்து நின்றுவிட்டானாம். மேற்பார்வையாளர் எவ்வளவு கத்தியும் அவன் நகரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒரு சேதி மட்டும் விட்டுப்போயிருந்தார்கள்: இந்த ரேடியோ வேண்டாம், வேறு ரகம் வருகிறது, இதைக் கழற்றிவிடுங்கள். அதைக் கழற்றினால் பின்னால் வைத்த பெட்டியும் போகும், மூக்கில் வைத்த ஈயமும் போகும், என் வயரும் போகும். மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை யார்மீது காட்டுவது என்று தெரியாமல், டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் குழம்பு அப்படியே இருந்தது. "உங்க குவார்ட்டர்ஸ் வர்றப்ப வரட்டும். இன்னொரு ஜீப்ப நான் பாக்க மாட்டேன்" என்றாள் மனைவி. அடுத்த மாதமே பெங்களூரில் விமானத் திடலை அடுத்த தெருவில், தகரக்கூரை போட்ட ஓர் அறைக்குக் குடிபோனோம். தம்பியையும் கூப்பிட்டாள். "அங்க வந்து நான் இன்னா பண்றது? எனக்கு ட்ரில் பிடிக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டான். அவள் அவனை மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஆனால் மூட்டை கட்டும்போது அவனுடைய பழைய சட்டை ஒன்றையும் சேர்த்துக் கட்டினாள்.

வேறு ரகம் வந்தது. மறுபடியும் வயர், மறுபடியும் ஈயம். எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். என் மகள் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். கடைசியில் சோதனையாகப் பறக்கவிடும் நாளும் வந்தது. அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று தற்காலிக ஆட்களுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். நான் திருத்திய விமானம் பறப்பதை நான் பார்க்கக்கூடாதாம். வயிறெரிய அறையில் படுத்துக்கிடந்தேன்.

அப்போது ஓடுபாதையில் எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. அது எங்கள் விமானம்தான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தகரக்கூரை அதிர்ந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்களும் தட்டுகளும் கலகலவென்று ஆடின.

மனைவி மகளை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடி, "மேல பாரு, மேல பாரு! நம்மளுது! குவார்ட்டர்ஸ் வந்துடும்!" என்று குதித்தேன். விமானம் எங்கள் தலைக்கு மேலே கிளம்பிப் போயிற்று. கிடைக்கப்போகும் அந்தக் குவார்ட்டர்ஸ் ஓடுபாதைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் மேலே பார்க்கவில்லை. இரும்புக் கோபுரம் எதுவும் இல்லாத அந்தத் தெருவின் கோடியையே பார்த்தபடி கேட்டாள்.

"எந்த ஷாப்ட்டுங்க?"