ஆசிட் டேங்கரில் துள்ளும் எழுத்து

காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கும் ஐஸ்கிரீம் கடை போர்டுக்கும் ஆகட்டும் என்று நான் கையால் வரைந்து உருவாக்கிய ஃபான்ட் அது. ஒவ்வொரு எழுத்தும் துள்ளும்.

இன்று நாமக்கல்லில் எங்கள் ஸ்டிக்கர் கடைக்கு ஒரு டேங்கர் ஓனர் வந்தார்.

"பின்னால 'அபாயம், ஆசிட்'னு ஒட்டோணுங்க. அந்தக் காதுகுத்து எழுத்துலயே போடுங்க."

"அதப் பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்களேங்கண்ணா?"

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். பயந்துக்கிட்டு எங்க வீதில வண்டிய நிறுத்தவே உட மாட்டேங்கறாங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "செரிதானுங்க" என்று தலையாட்டினார். நகரவில்லை.

கடைசியில் என் கையாலேயே ஒட்டிக்கொடுத்தேன்.

ரோட்டில் 'ஆசிட்' உங்களைப் பார்த்துச் சிரித்தால், ஃபான்ட் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். தள்ளி நின்று.