கூட்டாத வீடு

ஒற்றை லோரியில் தொடங்கி ஒன்பது லோரிக்கு முதலாளியானவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆளை எடைபோட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாளே போய் நிற்பேன். கூட்டாத வீடுதான் உண்மை பேசும். அப்படி மூன்று இடத்தைக் கழித்தேன்.

நாலாவது வீடு போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில். கிடங்கு வேலைச் சட்டையோடு பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். ஒல்லியான ஆள். சோபாவில் துணிக் குவியல், மேசையில் சோறு காய்ந்த தட்டு. மற்றவர்கள் என்றால் ஓடி ஓடி ஒதுக்குவார்கள். இவர் எதையும் தொடாமல் அறை அறையாகக் காட்டினார்.

“மாட்டுக்கொட்டகை தேவலாம்மா,” என்றேன்.

“எல்லாருக்கும் ஷிப்டு அங்கிள், இப்படித்தான் இருக்கும்லா,” என்று சிரித்தார். “போன வாரம் நானும் சொல்லாமத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். பளபளன்னு இருந்துச்சு. உங்க கார் சத்தம் கேட்டதும் உங்க சம்சாரம் நான் குடிச்ச கப்பை ஒளிச்சு வச்சாங்க. பின்வாசல் வழியா என்னை அனுப்பிட்டாங்க. என் பொண்ணு அங்க வேணாம் அங்கிள்.”

அந்த வீட்டில் அவர் ஒழுங்குபடுத்தியது ஒன்றுதான். என் செருப்பை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார்.

அவர் வந்ததை என் மனைவி இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.