இன்னொருவர் போட்ட கோடு

எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் என் பெயருக்கு முன்னால் முதுகலைப் பட்டம் ஒட்டியிருக்கிறது. அம்மா ஒட்டியது. லெஹோட்கா என்ற சிற்றூரில் மரம் அறுக்கும் ஆலைக்காரர்கள் இருக்கும் எங்கள் தெருவில் அப்படி ஒரு பெட்டி அது ஒன்றுதான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு நான் என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன்.

அப்பா வெண்டெலின் ஹுர்தாக் ஒரு கோல்கீப்பர். ஓராவா ஆற்றுப் பக்கத்துச் சின்ன அணிகளில் பதினோரு வருடம் ஆடினார். முதல் டிவிஷனில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதில், தூரத்திலிருந்து உருண்டு வந்த பந்து வெளியே போகிறது என்று நினைத்து, கையை விரித்து விட்டுவிட்டார். அது கம்பத்தை ஒட்டி உள்ளே போயிற்று. மறுநாள் செய்தித்தாள் ‘பந்தை வழியனுப்பி வைத்த கோல்கீப்பர்’ என்று எழுதியது. அதன்பிறகு அவரை மேலே யாரும் கூப்பிடவில்லை. பள்ளியில் கூடப் படித்தவர்கள் எனக்கு வகுப்புக் கதவைத் திறந்து பிடித்து, குனிந்து, “வாங்க, வாங்க, உள்ள போங்க!” என்பார்கள். தலைநகர் பிராத்திஸ்லாவாவில் படித்தபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் மர ஆலை என்பேன். கால்பந்து என்று வாயைத் திறந்ததில்லை.

அப்பா ஆட்டத்தை விட்டபிறகு, மர ஆலை வேலையோடு எங்கள் ஊர் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். ஒன்பது வருடம். சென்ற வருடம் அணி ஒரு படி மேலே போனது. மேல் பிரிவில் உரிமம் இல்லாத பயிற்சியாளர் நிற்க முடியாது. உரிமம் வேண்டுமென்றால் தன் ஆட்டத்தில் செய்த ஒரு தவறையும் அதில் கற்றதையும் பற்றிக் கட்டுரை எழுதி, மூன்று தேர்வாளர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிளப் வேறு ஆளைப் பார்க்கும்.

“நீதான் படிச்சவளாச்சே ஜோஃப்கா. நான் சொல்றேன், நீ எழுது,” என்றார்.

சமையலறையில் உட்கார்ந்தோம். அந்த கோலைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக அவரிடம் கேட்டேன். அவர் தட்டில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

“கோல் பின்னாடி இருக்கும், நமக்குக் கண்ணு முன்னாடிதானே? அதனால கோல் நடுவுலேர்ந்து நேரா முன்னாடி குதிகாலால ஒரு கோடு கிழிச்சுக்குவோம். கீழ பாத்தா எங்க நிக்கறோம்னு தெரியும். பாதி ஆட்டம் முடிஞ்சு பக்கம் மாறினதும் நான் லேட்டா வந்தேன். விசில் அடிச்சுட்டான். அங்க ஏற்கெனவே ஒரு கோடு இருந்துச்சு, எதிரணிக்காரன் போட்டது. சரியாத்தான் இருக்கும்னு நின்னுட்டேன். அது நடுவுலேர்ந்து ஒரு காலடி தள்ளி இருந்துச்சும்மா.”

“இத யார்கிட்டயும் ஏன்பா சொல்லல?”

“சொன்னா அடுத்தவன் மேல பழி போடற மாதிரி இருக்காது? ஆனா என் கீப்பருங்களுக்கு இதத்தான் சொல்லித் தர்றேன். போனதும் அந்தக் கோட்ட அழி, உன் கோட்டப் போடு. இத எழுதிடு.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. குதிகால் கோடு என்றால் மறுபடியும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ‘வெயில் கண்ணில் அடித்தது’ என்று எழுதிவிட்டு, பார்வை, எதிர்வினை என்று நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், மொழிச் செம்மை என்று போட்டு என் பெயர், பட்டத்தோடு.

“ஒரு தடவ படிச்சுப் பாருங்கப்பா.”

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

ழிலினா நகரில் ஜூன் மாதம் தேர்வு. காரில் அழைத்துப்போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருந்த தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“வெயிலா? ஹுர்தாக், அன்னிக்கு நானும் அந்த மைதானத்துலதான் இருந்தேன். குடை புடிச்சுட்டு! எந்த ஊரு வெயிலுங்க அது?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. திரும்பி என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். என்னால் எழுந்து நின்று ‘நான்தான்’ என்று சொல்லியிருக்க முடியும். ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு அடிச்ச மாதிரி இருந்துச்சு சார்,” என்றார் அப்பா.

தோற்றுப்போனார். ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி.

திரும்பும் வழியில் ரொட்டியும் தொத்திறைச்சியும் எடுத்துப் பாதியை எனக்கு நீட்டினார். வாங்கி முன்னால் வைத்துவிட்டேன்.

“உண்மையச் சொல்லியிருக்கலாமேப்பா.”

“கடைசிப் பக்கத்துல உன் பேரு இருக்கே.” கொஞ்ச நேரம் மென்றார். “தப்பு என்னோடது. மறுபடியும் அடுத்தவங்க கோட்ட நம்பி நின்னுட்டேன்.”

கோடை முழுக்க அவரே எழுதினார், ஆலையில் பலகைக்குக் குறி வைக்கும் தடித்த பென்சிலால். மொத்தம் எட்டுப் பக்கம். “தட்டச்சு மட்டும் பண்ணு மகாபண்டிதையே. ஒரு வார்த்தைல கை வெக்காத,” என்றார். என் கை அரித்தது. வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘தட்டச்சு: என் மகள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஆகஸ்டில் நான் உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். குடைக்காரர் குரல் கேட்டது: “எவ்வளவு தள்ளி இருந்துச்சு? காட்டுங்க பாப்போம்.” நாற்காலி நகரும் சத்தம், ஷூவின் குதிகால் தரையில் தேயும் சத்தம். பிறகு சிரிப்பு. ஜூனில் கேட்ட அதே சிரிப்பு என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா வெளியே வந்தார். “உரிமம் குடுத்துட்டாங்க,” என்றார்.

துடைப்பமும் துணியுமாக உள்ளே போன துப்புரவுப் பெண் கத்தினாள்: “யாருய்யா தரையில கறுப்பா கோடு இழுத்தது?”

அப்பா முகம் வெளிறி என் பின்னால் ஒதுங்கினார். இந்தமுறை நான் முன்னால் போனேன். அவளிடம் துணியை வாங்கி, மண்டியிட்டு, அப்பாவின் குதிகால் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். சுலபத்தில் போகவில்லை.