ஒரு வாளித் தண்ணீர் மிச்சம்

எங்கள் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘ஏன்’. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நெசவுத் தொழில்நுட்பத் துறையில் பதினோரு வருடமாக உதவியாளர். அதற்கு முன் தண்ணீர் லாரி ஓட்டினார். துணித் துண்டை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து, எவ்வளவு பலத்தில் அறுகிறது என்று காட்டும் இயந்திரம் அவர் பொறுப்பில். துணியை மாட்டுவார், பொத்தானை அமுக்குவார், ‘டப்’பென்று அறும், எண்ணைக் குறிப்பார். குறித்துவிட்டுச் சும்மா இருக்கலாம் அல்லவா? இருக்க மாட்டார்.

“இது ஏன் மேடம் நடுவுல அறாம ஓரத்துல அறுது?”

நல்ல கேள்விதான். பதில் தெரியாதவர்களிடம் கேட்டதுதான் தப்பு. பேராசிரியர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்த மாதிரி ஒரே பதிலைச் சொல்வார்கள்: “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அடுத்ததை மாட்டுங்க.” நானும் சொல்லியிருக்கிறேன், பல தடவை. அவர் முகம் சுளித்ததே இல்லை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தார். கேள்வியை அதில் எழுதிக்கொண்டு அடுத்ததை மாட்டுவார்.

அவர் மனைவி தையல்காரர். என் ரவிக்கைகளை அவர்தான் தைக்கிறார். ஒரு நாள் அளவு எடுத்துக்கொண்டே சொன்னார்: “கல்யாணமான புதுசுல, ‘சட்டையில பட்டன் காஜா எல்லாம் நெட்டுக்கு இருக்கு, கழுத்துப்பட்டையில மட்டும் ஏன் படுக்கையா இருக்கு’ன்னு கேட்டாருங்க. பத்து வருஷமா தைச்சவ நான், எனக்கே தோணல! ரெண்டு பேரும் சட்டையை வெச்சுக்கிட்டு உக்காந்தோம், சோறு ஆறிப்போச்சு.” சலித்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது.

இனி என் கதை. நாற்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். இரண்டு பிள்ளைகள், ஒரு வேலை, மூக்கு நுனியில் கோபம். என் ஆராய்ச்சி கசங்காத பருத்தி. பருத்திக்குக் கசங்காத மருந்து ஏற்றினால் பலம் போய்விடும். துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலி அது. பலம் அதிகம் குறையாத ஒரு கலவையைக் கண்டுபிடித்ததாக நினைத்தேன். முதல் சோதனையில் சாதாரணத் துணியின் பலம் நூறு என்றால் என் துணிக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. துள்ளிக் குதித்தேன். அதன் பிறகு மூன்று மாதம் எத்தனை தடவை செய்தாலும் எண்பதைத் தாண்டவில்லை. எழுபத்தாறு, எழுபத்தெட்டு. என் ஆய்வுக்குழு கூடுவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்த எண்களோடு போனால் நான்கு வருட உழைப்பையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள், பெரும்பாலும் என்னைப் பார்த்து. இந்தத் தடவை நான் கூடத்தைச் சொல்லவில்லை, ஆளைச் சொன்னேன். துணியைக் கோணலாக மாட்டுகிறார், கேள்வி கேட்கிற அக்கறை வேலையில் இல்லை என்று துறைத் தலைவருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைவர் இரண்டாவது யோசனையே செய்யவில்லை. திங்கட்கிழமை முதல் ‘ஏன்’ பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

“கோப்பு ரூம்ல மெஷின் ஒண்ணும் இல்லீங்களே மேடம்.”

“இல்லதான்.”

“சரிங்க. ஆனா நான் கோணலா மாட்டல. அப்புறம் ஏன் அறுது?”

“அதைத்தாண்ணே நானும் மூணு மாசமா கேட்டுட்டிருக்கேன்!” என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். கதவு என் பக்கம்தான் மறுபடி திறந்துகொண்டது. அதற்குத் தாழ்ப்பாள் சரியில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்தார், நீல நோட்டோடு.

“திட்டறதா இருந்தா நான் சொல்லி முடிச்சப்புறம் திட்டுங்க மேடம். ஒரு வாளி தண்ணி மிச்சமாவுது.”

இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் கூடினால் அதன் பலம் கூடும், காய்ந்தால் குறையும். அதனால் எந்தத் துணியானாலும் ஒரு நாள் முழுக்க ஈரப்பதம் அறுபத்தைந்து சதவீதத்தில் நிற்கும் அறையில் கிடந்த பிறகுதான் சோதனைக்கு வரும். அறையின் ஈரத்தைக் காட்ட இரண்டு வெப்பமானிகள் சுவரில் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் ஒரு துணித் திரி சுற்றி, அதன் நுனி சிறு கிண்ணத் தண்ணீரில் கிடக்கும். திரி வழியே ஏறும் தண்ணீர் ஆவியாகிக் குமிழைக் குளிர வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ‘ஏன்’ மணிக்கொரு தடவை அதைப் பார்த்து, பனிமூட்டம் மாதிரி ஈரம் கக்கும் இயந்திரத்தைப் போடுவார், அணைப்பார். அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் அவரே.

“எப்பவும் அந்த ஈர மெஷின் ஒரு நாளைக்கு ரெண்டு வாளி குடிக்கும். மூணு மாசமா ஒரு வாளிதான். வெளிய மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் குடிக்கல?”

“ரூம்ல ஈரம் சரியா இருந்திருக்கும்.”

“அப்படித்தான் காட்டுது. ஆனா இதப் பாருங்க.” நோட்டைப் புரட்டினார். போன வருடத் தேதி போட்ட பக்கம். அந்த அறையில் கிடக்கும் துணிக்கு எடை கூடுமா என்று எப்போதோ அவருக்குச் சந்தேகம் வந்து, சாதாரணத் துணி ஒன்றைச் சரியாக நூறு கிராமுக்கு வெட்டி அங்கேயே அலமாரியில் வைத்திருக்கிறார். “நேத்து எடுத்து நிறுத்தேன். தொண்ணூத்தெட்டு. யாரும் தொடல, நூல்கூடப் பிரியல. ரெண்டு கிராம் எங்க மேடம் போச்சு?”

இரண்டு கிராம் போனது காற்றுக்குள். துணி காய்ந்திருக்கிறது. அப்படியென்றால் அறையே காய்ந்திருக்கிறது.

இருவரும் அறைக்குள் போனோம். வெப்பமானிகளைப் பார்த்தால் ஈரம் அறுபத்தைந்து. கிண்ணத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. அவர் திரியைத் தொட்டார்.

“அடியில நனைஞ்சிருக்கு. மேல ஏறவே இல்ல, சும்மா பிசுபிசுன்னு இருக்கு. துணின்னா தண்ணி ஏறணுமே. இது ஏன் ஏறல?”

அந்தத் திரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து இறுக்கிக் கசக்கினேன். விரித்தேன். ஒரு சுருக்கம் இல்லை.

ஐயோ! என் துணி!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் பழைய திரி மஞ்சளாகி விறைத்துப்போயிருந்தது. புதுசு வேண்டுமென்றால் படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற ஜாதியா நான்? மேசைத் தட்டில் கிடந்த வெள்ளைத் துணியில் ஒரு கீற்று வெட்டிச் சுற்றிவிட்டுப் போய்விட்டேன். சாதாரணத் துணியும் என் துணியும் பார்க்க ஒன்றுதான். மருந்து ஏற்றிய துணியில் தண்ணீர் ஏறவில்லை, குமிழ் குளிரவில்லை, ஈரம் போதும் என்று வெப்பமானி பொய் சொல்லியது. அந்தப் பொய்யை நம்பி அவர் இயந்திரத்தை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாதாரணத் துணியை நல்ல காற்றில் சோதித்து எழுதிவைத்திருந்தேன், என் துணியைக் காய்ந்த காற்றில் இழுத்துக்கொண்டிருந்தேன். சாதாரணத் துணியை மறுபடி ஒரே ஒரு தடவை சேர்த்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எதற்கு என்று விட்டுவிட்டேன். அம்மா சொன்ன கூடம் இந்தத் தடவை நிஜமாகவே கோணல்தான். கோணலாக்கியவளும் நானே.

துணியை ஆராய்கிற கட்டடத்தில் ஒருவரும் ஆராயாத துணி அந்தத் திரி. அதைக் கண்டுபிடித்தவரைத்தான் நான் வெளியே தள்ளியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சாதாரணத் துணியில் புதுத் திரி வெட்டிச் சுற்றி, பாதரசம் இறங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஈரம் நாப்பத்தி நாலு மேடம்! நாப்பத்தி நாலுதான் இருந்திருக்கு!” என்று கத்திவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நான் தலைவரிடம் போனேன்.

“அப்ப தப்பு யாரோடது?”

“என்னோடது சார்.”

“எழுதிக் குடுங்க.”

ஒன்றரைப் பக்கம் எழுதியவளுக்கு இது நாலே வரியில் முடிந்தது. தலைவர் உத்தரவைக் கிழித்துப் போட்டார். மூன்று மாதத்தில் அந்த அறையைப் பயன்படுத்திய மற்ற நான்கு ஆராய்ச்சியாளர்களிடமும் நானே போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், இருவர் திட்டினார்கள், ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு துணிகளையும் சேர்த்துச் சோதித்தோம். அவர் மாட்ட மாட்ட நான் எழுதினேன். சாதாரணம் நூறு என்றால் என்னுடையது தொண்ணூற்றிரண்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், கூடவே சிரிப்பும் வந்தது.

அவர் அந்தப் பழைய திரியை இன்னும் கையில் வைத்திருந்தார். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு உருண்டு மேசையில் விழுந்தது.

“மேடம், ஒரு சந்தேகம். தண்ணியே ஏறல. இதுல சட்டை தைச்சுப் போட்டா வேர்வை எங்க போவும்?”

‘உங்களுக்கு எதுக்கு’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பலத்தை அளந்தேன், கசங்கலை அளந்தேன். நான்கு வருடத்தில் இதை ஒரு தடவையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆய்வுக்குழு கட்டாயம் கேட்கும்.

“தெரியலண்ணே” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் யாரும் அவருக்குச் சொல்லாத பதில் அது. நீல நோட்டைத் திறந்து, பேனாவை அதன் மேல் வைத்து, என் பக்கமாக நகர்த்தினார்.

“அப்ப இத நீங்க எழுதுங்க மேடம்.”

அவர் கேள்விகளுக்குக் கீழே அந்தக் கேள்வியை என் கையெழுத்தில் எழுதினேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு நானே தண்ணீர் பிடிக்கப் போனேன்.